இருட்டுக்குத் தலைமை தாங்கப் போனேன்

என் வாழ்நாளில் எத்தனையோ விழாக்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். பரிசளிப்பு விழா, விஞ்ஞானக் கண்காட்சி, ஓய்வுபெறும் பாடசாலை அதிபர்களுக்கான பிரியாவிடை என்று பலவகை. ஒரு மணி நேர இருட்டுக்குத் தலைமை தாங்கும்படி அழைப்பு வந்தது இதுவே முதல் தடவை.

அழைத்தவள் என் தங்கை யோகம். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில் வசிக்கிறாள். அந்தத் தெருவார் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை ஏழு முதல் எட்டு வரை எல்லா வீடுகளிலும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்களாம். பூமி சூடேறி வருவதை ஊருக்கு உணர்த்தவும், தங்களால் இயன்ற அளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் பெண்கள் நடத்திவரும் காரியம். காலமெல்லாம் பௌதிகம் படிப்பித்த அண்ணன் வந்து நாலு வார்த்தை பேசினால் தெருவுக்குப் பெருமை என்று தொலைபேசியில் சொன்னாள்.

நான் இசைந்ததற்கு அது மட்டும் காரணமல்ல என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மனைவி காலமான பின் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டில் தனியே இருக்கிறேன். யோகம் போர்க்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவள். முகாமில் இருந்தாள், அந்தப் பக்கத்திலேயே மணம் முடித்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். எங்கள் தாயாரின் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒருமுறை வந்து போனதோடு சரி. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், எஞ்சிய காலத்தை ஒரே கூரையின்கீழ் கழிக்க வேண்டும் என்பது என் ஆசை. தொலைபேசியில் கேட்கும் காரியமல்ல அது. நேரில் கேட்பதென்று முடிவுசெய்து, புவி வெப்பம் பற்றி நீண்ட உரை ஒன்றையும் சுத்தமான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் செங்கல்பட்டில் ஒரு விடுதியில் தங்கினேன். தங்கையானாலும் அவள் கணவர் வீட்டில் விழாவுக்கு இரண்டு நாள் முந்திப் போய்ப் பெட்டியோடு இறங்குவது எனக்குச் சரியாகப்படவில்லை. காலை உணவுக்கு இடியப்பம் கேட்டேன். சீனியும் தேங்காய்ப் பாலும் ஊற்றி வந்தது. சொதி இல்லையா என்று வினவினேன்.

"சொதியா? அது இன்னா சாரு?" என்றார் பரிமாறுபவர்.

தேங்காய்ப் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் இட்டு, மஞ்சள் சேர்த்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி பிழிவது என்று விளக்கினேன். அவர் கடைசிவரை மரியாதையோடு கேட்டார்.

"அதெல்லாம் கெடையாது சாரு. வடகறி சூடா கீது, ஊத்தட்டா?"

ஊற்றச் சொன்னேன். யாழ்ப்பாணத்தவன் இடியப்பத்துக்கு வடகறி உண்டான் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகவே இருந்தது.

அடுத்த மேசையில் இருவர் உரத்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு ஏசி வாங்கி மாட்டிட்டேன் மச்சான். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு நாய்க்கு," என்றார் ஒருவர். "நாய்க்கு எதுக்குடா ஏசி?" "வெயில் தாங்காம அது ராவெல்லாம் கத்திகினு கீதுடா. அதுக்குப் போட்டாதான் நமக்குத் தூக்கம்." மற்றவர் சிறிது யோசித்துவிட்டு, அது எந்த நிறுவனத்து ஏசி என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாடு முழுவதும் அட்டவணை போட்டு மின்வெட்டு நடந்தபோது, எந்த நேரத்தில் மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது, எந்த நேரத்தில் தேங்காய்ச் சட்னி அரைப்பது என்று எங்கள் வாழ்க்கையே அந்த அட்டவணைக்குள் நடந்தது. அதற்கும் முன்னர் போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லை. நாங்கள் ஏங்கிக் கிடந்த ஒன்றை இங்கே சிலர் நாய்க்கு ஊட்டுகிறார்கள், சிலர் வேண்டுமென்றே அணைக்கிறார்கள். இரண்டுமே அப்போது எனக்குச் செல்வத்தின் விளையாட்டாகவே பட்டன.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போக ஓர் ஆட்டோ அமர்த்திக்கொண்டேன். மின்கலத்தில் ஓடுவது. புகையில்லை, சத்தமில்லை என்று ஓட்டுநர் வழியெங்கும் அதன் புகழைச் சொல்லிக்கொண்டே வந்தார். திருக்கழுக்குன்றத்து மலை தெரியத் தொடங்கியதும் அங்கே கழுகுகள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டேன்.

"அது வர்றத நிறுத்தி எம்மா நாளாவுது அண்ணாத்த. ஜனங்க மட்டும் வந்து மேல பாத்துகினு நிக்கிறாங்க."

வராத ஒன்றை எதிர்பார்த்து மலையேறுபவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது வண்டி முனகி நின்றது. மின்கலம் தீர்ந்துவிட்டது. எதிரே இருந்த தேநீர்க் கடையில் சார்ஜ் ஏற்றலாம் என்றார் ஓட்டுநர். அதுவரை தள்ள வேண்டும்.

"பெருசு, கொஞ்சம் கீழ எறங்கேன். ஒரு கை குடு."

என்னைப் பெருசு என்று அதுவரை எவரும் அழைத்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவதா, விடுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பின்னர் கட்டிக்கொண்டு தள்ளினேன். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் வயரை நீட்டினார். ஆனால், "அப்பவே சொன்னேன்ல, போன்ல சார்ஜ் பாக்குறியே, வண்டில பாத்தியா?" என்று ஓட்டுநரை விளாசினார். ஓர் உழுந்துவடையும் இரண்டு தேநீரும் முடிந்தும் மின்கலம் நிரம்பவில்லை. கடைசியில் பழைய பேருந்து ஒன்றில் நின்றுகொண்டு போனேன். அணுபுரத்தைத் தாண்டும்போது அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பின் தெருவிளக்குகள் உச்சி வெயிலிலும் எரிந்துகொண்டிருப்பதாக ஒரு பெண் தன் தோழிக்குக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியது. எரிந்தனவா இல்லையா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

யோகம் வாசலில் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. நடையில் அப்படியே எங்கள் அம்மா.

"இன்னாண்ணா, இப்பிடி எளச்சிட்ட? வா வா, வூட்டுக்குள்ள வா. வெயிலு பேஜாரா கீது. சாப்ட்டியா?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தொலைபேசியில் அவள் எப்போதும் சுருக்கமாகவும் கவனமாகவும் பேசுவாள். அதனால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் தமையனை நீ என்று தங்கை சொல்வதில்லை. 'சாப்பிட்டியளே' என்று கேட்ட வாய் அது. அவள் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை என்பதும், இங்கே பாசமே அப்படித்தான் பேசும் என்பதும் எனக்கு விளங்கின. விளங்கியும் ஏதோ ஒன்றைத் தொலைத்தவன்போல் உள்ளே போனேன்.

அவள் கணவர் ஏகாம்பரம் விழாக்களுக்கு மைக் செட்டும் சீரியல் விளக்கும் போடுபவர். தெருவின் எல்லாக் கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் வெளிச்சம் அவருடையது. மனைவி விளக்கணைப்பவள், கணவர் விளக்குப் போடுபவர். இந்த முரணைப் பற்றித் தெருவார் சொல்லாத பகிடி இல்லை. அவர் கைகூப்பி, "வாங்க மச்சான்," என்று வீதி முழுக்கக் கேட்கும்படி வரவேற்றார். முறைப்படி நான் அவருக்கு மச்சான்தான். ஆயினும் அந்த ஊரில் வழிப்போக்கரும் அந்தச் சொல்லால் ஒருவரையொருவர் அழைப்பதால், எனக்குரிய உறவு தெருவுக்குப் பங்கிடப்பட்டுவிட்டதுபோல் இருந்தது.

மாலையில் யோகம் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அவள் வந்த புதிதில் அங்கே வலை காயப்போடும் அகன்ற மணலும் அதற்கப்பால் ஒரு தென்னை வரிசையும் இருந்தனவாம். இப்போது தென்னைகள் இல்லை. மணல் ஒரு வேட்டியின் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. தெருக் கைப்பம்பில் தண்ணீர் உப்பேறிவிட்டது. யோகத்தின் மகள் மலர் சிறுசேரியில் கணினி வேலை செய்பவள். அவள் அலுவலகத்தார்தான் முதலில் இந்த விளக்கணைப்பைக் கொண்டு வந்தார்களாம். ஆறரை மணிக்கு அணையுங்கள் என்று சொன்னார்களாம்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்ட இருட்டு பண்ண சொல்றியே, நீயெல்லாம் படிச்ச புள்ளயான்னு ஜனங்க புடிச்சிகினாங்க," என்று யோகம் சிரித்தாள். "அப்பறம் நான் வூடு வூடா போயி பேசினேன். சாமிக்கு வெளக்கு வெச்சிருவோம். ஜரினா வூட்ல மஃரிப் தொழுதுருவாங்க. எட்டு மணிக்கு டிவில சீரியல். நடுவுல ஏழு டு எட்டுதான் நமக்குன்னு முடிவாச்சி."

நான் என் கருத்தைக் கூறினேன். நாங்கள் பார்க்காத இருட்டா? இல்லாதவர்களுக்கு இருட்டு துன்பம். இருப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. முப்பது வீடு ஒரு மணி நேரம் அணைப்பதால் கடல் பின்வாங்குமா?

"போவாதுண்ணா. எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா மொதல்ல ஒரு வூட்டுக்காரன் இன்னொரு வூட்டுக்காரன் சொன்னா கேக்க மாட்டான். இப்ப கேக்குறான். பகல்ல எரிஞ்சிகினு இருந்த தெரு லைட்ட ஒண்ணா போயி நின்னு அணைக்க வெச்சோம். கோயிலு திருவிழாக்கு சீரியல் செட்ட பாதியா கொறச்சாங்க. அதுல எங்க வூட்டுக்காரரு ஒரு வாரம் என்னோட பேசல."

அன்றே கேட்டிருக்கலாம். கடற்காற்றும் தனிமையும் இருந்தன. ஆனால் அந்தப் பேச்சு மொழியில் அவளிடம் 'வீட்டுக்கு வா' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என் சொற்கள் யாரோ ஓர் அயலாரிடம் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சினேன்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வெளியே வந்து பார்த்தேன். தெருவின் நடுவே மேடை. மேடைக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக ஓடும் சீரியல் விளக்குகள். அவற்றின் நடுவே, 'யாழ்ப்பாணம் பேராசிரியர்' என்று தொடங்கி என் பெயர் பளிச் பளிச்சென்று மின்னியது. சற்றுத் தள்ளி டீசல் ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"நான் பேராசிரியர் அல்ல. பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்," என்றேன் ஏகாம்பரத்திடம்.

"பல்பு சுத்தியாச்சி மச்சான். இன்னிக்கி ஒரு நாளைக்கு புரபசரா இருந்துட்டு போ."

"இல்லாத பட்டத்தை ஏற்பது முறையல்ல. தயவுசெய்து அகற்றுங்கள்."

அதற்குள் யோகம் வந்துவிட்டாள். "யோவ், இன்னாய்யா இது? கரண்ட மிச்சம் புடிக்க டீசல ஊத்துறியா?"

"கரண்ட்தான தொடக் கூடாதுன்ன? நான் தொடலியே. ஜெனரேட்டர்தான?" என்றார் ஏகாம்பரம், நியாயம் தன் பக்கம் இருப்பவர்போல். பிறகு குரல் தாழ்ந்தது. "உங்க அண்ணன் கடல் தாண்டி வந்துகிறாரு. ஊரு பூரா லைட்டு போடுறவன், சொந்த மச்சானுக்குப் போடலன்னா ஜனங்க இன்னா சொல்லும்?"

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே மரியாதை வெளிச்சம். அதை முழுவதுமாக எனக்குத் தந்திருந்தார். யோகமும் மேலே திட்டவில்லை. "சரி, ஏழு வரிக்கும் எரியட்டும். நீயே உன் கையால அணை," என்றாள்.

ஏழு மணிக்கு அவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். என் பெயர் அணைந்தது. ஒலிவாங்கியும் மௌனமாயிற்று. வீடுகளில் ஒவ்வொன்றாக மெயின் சுவிட்ச் இறங்கும் சத்தம் கேட்டது. அடுத்த கணமே பாதி வீடுகளில் விளக்கு தானாக மறுபடி எரிந்தது. இன்வெர்ட்டர்! மின்வெட்டுக்கென்று வாங்கிய பெட்டி தன் கடமையைச் செய்தது. பிறகு அது மின்கலத்தை நிரப்ப மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இழுக்கும் என்பதைப் பௌதிகம் படிப்பித்தவன் என்ற முறையில் நான் எழுந்து சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை.

"ஜரினா! இன்வெர்ட்டர்!" என்று யோகம் கூவினாள்.

"மாசா மாசம் மறந்து போவுது யோகாக்கா," என்று எதிர்வீட்டு ஜரினாவின் குரல் வந்தது. "கரண்டு இங்க பக்கத்துலயே பண்றானுங்க, நாம எதுக்கு அணைக்கணும்னு என் மாமியார் கேக்குறாங்க. வந்து பதில் சொல்லிட்டு போ."

"நாளைக்கி வர்றேன்னு சொல்லு. இப்ப அணை!"

கடைசி விளக்கும் அணைந்தது. சுவாமிப் படத்தடியில் எரிந்த சிறு விளக்குகள் மட்டும் சன்னல்களில் மங்கலாகத் தெரிந்தன. மின்விசிறிகள் ஓய்ந்ததால் மனிதர்கள் நாற்காலிகளோடு வெளியே வந்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாததால் எல்லாரும் சத்தமாகக் கதைத்தார்கள். என் கையில் இருந்த உரையின் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தெருவுக்காகத் தயாரித்தது என் சட்டைப்பையிலேயே தங்கியது. யாரும் அதைக் கேட்கவுமில்லை. கடலின் சத்தம் தெருவில் அப்போதுதான் கேட்டது. அது வாசல்வரை கேட்கும் என்பதை இரண்டு நாளும் நான் அறியவில்லை.

யோகம் உள்ளே போய் ஒரு விளக்கோடு வந்து என் அருகில் அமர்ந்தாள். சிறிய ஜாம் போத்தல். அடியில் பஞ்சு. சைக்கிள் வால்வுக்குள் செலுத்திய திரி, கம்பியில் தொங்கியது. மண்ணெண்ணெய் பொன்னைப்போல் அரிதாய்க் கிடைத்த அந்த ஆண்டுகளில், பஞ்சு நனையும் அளவு மட்டும் விட்டு எங்கள் ஊரே எரித்த விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தாள். நான் அருகில் இருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்.

"அண்ணா, வெக்கையா இருக்கோ? விசிறி எடுத்துத் தரட்டே?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தான் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு என்று அவள் அறிந்தாளோ தெரியாது.

"வேண்டாம், இரு," என்றேன்.

"கிணத்தடிப் பலா இப்பவும் காய்க்குதோ? சாய்மனைக் கதிரையை வித்துப்போட்டியளோ? அண்ணியின்ர படத்தை எங்கை மாட்டி வைச்சிருக்கிறியள்?" ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையாக நடந்து பார்ப்பவள்போல் கேட்டுக்கொண்டே போனாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பலா காய்க்கிறது. கதிரை இருக்கிறது. படம் முன் விறாந்தையில்.

பிறகு கேட்டேன். "யோகம், வீட்டை வந்து என்னோடை இருக்கிறியே?"

தெருவின் மறுமுனையில் ஏகாம்பரம் யாரிடமோ ஜெனரேட்டரின் பெருமையை விளக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கள் அதுக்குத்தான் வந்தனியள் எண்டு உங்களைக் கண்ட உடனை விளங்கீட்டுது அண்ணா. ஒருத்தரையும் ஒண்டும் கேக்காத மனுசன் நீங்கள். என்னைக் கேட்டிட்டியள். எனக்கு அது போதும்." அவள் குரல் தளர்ந்தது. "என்னாலை ஏலாது. பிள்ளை இஞ்சை. இந்த மனுசன் இஞ்சை. இந்தத் தெருவும் நான் கூப்பிட்டாத்தான் அணைக்கும். இல்லையெண்டா இன்வெர்ட்டரைப் போட்டுக்கொண்டு இருக்குங்கள்."

கேட்டு மறுக்கப்படுவது எனக்குப் பழக்கமில்லாதது.

"அங்கையும் அணையுங்கோவன்," என்றாள். "ரெண்டு நாட்டுக்கும் மணிக்கூடு ஒண்டுதானே. கடைசிச் சனி, ஏழு மணி. நான் இஞ்சை இந்த விளக்கோடை இருப்பன். நீங்கள் அங்கை இருங்கோ."

"நான் ஒருவன் அணைத்தால் அது என்ன கூட்டு முயற்சி?"

"அப்ப பக்கத்து வீட்டைக் கேளுங்கோ."

நான் பதில் சொல்லுமுன் எட்டு மணி ஆகிவிட்டது. தெரு முழுவதும் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே தொடரின் ஆரம்ப இசை கேட்டது. யோகம் போத்தலை ஊதி அணைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏந்திருண்ணா, சாப்ட வா. மீன் கொழம்பு ஆறிகினு கீது."

மறுநாள் ஏகாம்பரம் தன் வண்டியில் என்னை ஏற்றிவிட வந்தார். பிரியும்போது ஒரு பொட்டலம் தந்தார். உள்ளே என் பெயருக்குச் சுற்றிய சீரியல் விளக்குகள் இருந்தன. "வூட்டுக்குப் போயி மாட்டு மச்சான். நம்ம ஞாபகமா இருக்கட்டும்." நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, நானே செய்த ஒரு ஜாம் போத்தல் விளக்கோடு முன் விறாந்தையில் அமர்ந்தேன். மதிலுக்கு அப்பால், ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்வராணியின் வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கும் எனக்கும் பல ஆண்டுகளாக முகமன் மட்டுமே.

சற்று நேரத்தில் மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது. "மாஸ்டர், கரண்ட் போயிட்டுதோ? எங்களுக்கு இருக்கே."

"போகேல்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

"ஏன் மாஸ்டர், ஏதும் பிழையோ?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார். நான் விளக்கை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். "உங்களிட்டை ஒரு உதவி கேக்கவேணும்," என்றேன். அந்தச் சொற்கள் என் வாயில் எவ்வளவு புதியவை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தெருவைப் பற்றியும், கடலைப் பற்றியும், ஏழு மணியைப் பற்றியும் சொன்னேன். என் உரையில் எழுதியிருந்த எதையும் சொல்லவில்லை.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போனார். முன் விறாந்தை அணைந்தது. குசினி அணைந்தது. பிறகு தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மதிலருகே வந்து, அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கட தங்கச்சி இப்ப அணைச்சிருப்பாவோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "அணைச்சிருப்பா."